கோ-வொர்க்கிங்கில் இரண்டு சீட், ஒரு கன்சல்டன்சி: சென்னையில் சிறிய ரெக்ரூட்மென்ட் தொழில் நடத்துபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒருவரோ மூவரோ சேர்ந்து, ஒரே ஒரு துறைக்கு மட்டும் ஆள் எடுத்துக் கொடுக்கும் கன்சல்டன்சி. சொந்த ஆபீஸ் இல்லை, கோ-வொர்க்கிங்கில் இரண்டு மூன்று சீட். இந்த அளவில் தொழில் தொடங்குபவர்களையும் தொடங்கித் திணறுபவர்களையும் நினைத்து எழுதிய பதில்கள் இவை. ரூபாய்க் கணக்குகளில் சீட் வாடகை, சம்பளம் போன்றவை உதாரணத்துக்காக வைத்த எண்கள். உங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வரவு எப்போது வரும்? கையில் எவ்வளவு வைத்துக்கொண்டு இறங்கலாம்?

குறைந்தது ஆறு மாதச் செலவு. தேதி போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். மே 5 அன்று கிளையன்ட் ஜேடி (என்ன வேலை, எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்ற குறிப்பு) அனுப்புகிறார். மூன்று சுற்று இன்டர்வியூ முடிந்து ஆஃபர் லெட்டர் வர, எல்லாம் நல்லபடி போனாலும் ஜூன் 5. கேண்டிடேட்டுக்கு 90 நாள் நோட்டீஸ். மறுநாளே பேப்பர் (ராஜினாமா) போட்டாலும் ஜாயினிங் செப்டம்பர் 4. உங்கள் இன்வாய்ஸ் அன்றுதான் பிறக்கும். 45 நாள் கிரெடிட் என்றால் பணம் கைக்கு வர அக்டோபர் 19. தீபாவளிக்கு முன்னால் வந்துவிட்டால் சந்தோஷம்.

இந்த ஐந்தரை மாதமும் செலவு நிற்காது. சீட் 8,000 வீதம் இரண்டு, அதன் மேல் 18% ஜிஎஸ்டி: 18,880. ஜூனியர் ஒருவருக்கு 22,000. ஜாப் போர்ட்டல், போன், ஆடிட்டர் எல்லாம் சேர்த்து 20,000. மாதம் 61,000 என்றால் ஆறு மாதத்துக்கு 3.66 லட்சம். கோ-வொர்க்கிங் டெபாசிட் இதில் சேராது. உங்கள் வீட்டுச் செலவும் சேராது. பலர் இடறுவது அந்தக் கடைசி வரியில்தான்.

ஆள் செலக்ட் ஆன நாளும் பணம் வந்த நாளும் ஒரே காலாண்டில் விழுவது அபூர்வம். ஆபீஸ், அக்ரிமென்ட், ஃபாலோ-அப் எதைப் பற்றி முடிவெடுத்தாலும் இந்த இடைவெளியை முன்னால் வைத்துக்கொண்டு எடுங்கள். கீழே உள்ள பாதிப் பதில்கள் இதிலிருந்து வருபவைதான்.

எந்தத் துறையைப் பிடிப்பது? 'ஆல் டொமைன்' என்று போட்டால் என்ன?

போடலாம். ஆனால் ஒவ்வொரு ஜேடிக்கும் தேடலைப் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரே துறையில் இருந்தால், போன மாதம் இன்னொரு கிளையன்ட்டுக்காகப் பேசிய நாற்பது பேரில் நான்கு பேர் இந்த மாத ஜேடிக்குப் பொருந்துவார்கள். ஸ்பெஷலிஸ்டுக்கு லாபம் அந்த நாலு பேர்தான்.

சென்னை இதற்கு வசதியான ஊர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் கார், உதிரிபாகம், எலெக்ட்ரானிக்ஸ். அம்பத்தூரில் டூல் ரூம்களும் சிறு தொழிற்சாலைகளும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஐடி. ஊர் முழுக்க மெடிக்கல் கோடிங் (சிகிச்சைப் பதிவுகளை இன்சூரன்ஸ் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை) கம்பெனிகள். துறையைத் தேர்ந்த பிறகும் இன்னும் ஒரு படி இறங்க வேண்டும். 'ஆட்டோமொபைல்' என்பது துறை அல்ல, கடல். 'இன்ஜெக்ஷன் மோல்ட் டிசைன், 4 முதல் 12 வருட அனுபவம்' என்றால் அது ஒரு கடை. அந்த வேலைக்கு ஆள் வைத்திருக்கும் கம்பெனிகள் 25 முதல் 40 வரை பட்டியல் எழுத முடிகிறதா என்று பாருங்கள். பத்துக்கு மேல் எழுத முடியவில்லை என்றால் ரொம்பக் குறுகிவிட்டது. இருநூறு எழுத முடிந்தால் இன்னும் குறுக்கலாம்.

துறை தெரிந்தவர் பேசும் முதல் ஐந்து நிமிடமே வேறு மாதிரி இருக்கும். மெடிக்கல் கோடிங்கில் ஒரு ஸ்கிரீனிங் கால்:

"சிபிசி முடிச்சிருக்கீங்களா?"
"முடிச்சிட்டேன் மேடம், போன வருஷம்."
"அதுல 'ஏ' எடுத்தாச்சா?"
"இன்னும் இல்ல மேடம். அப்ளை பண்ணணும்."
"சரி. எந்த ஸ்பெஷாலிட்டி?"
"இப்போ ஈடி. அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் ரேடியாலஜி."
"ஈடில ஒரு நாளைக்கு எத்தனை சார்ட் டார்கெட்? குவாலிட்டி எவ்ளோ வருது?"

சிபிசி என்பது ஏஏபிசி என்னும் அமைப்பு மெடிக்கல் கோடர்களுக்குத் தரும் சான்றிதழ், ஈடி என்பது அவசர சிகிச்சைப் பிரிவு, சார்ட் என்பது ஒரு நோயாளியின் பதிவு. சான்றிதழில் சிபிசி-ஏ என்று இருந்தால் தேர்வில் தேறிவிட்டார், ஆனால் தேவையான அனுபவம் இன்னும் பதிவாகவில்லை, அதாவது 'அப்ரென்டிஸ்' நிலை என்று பொருள். ஏஏபிசி அந்த 'ஏ'வை எடுத்தால்தான் முழு சிபிசி. கிளையன்ட் கேட்டது முழு சிபிசி என்றால் இந்த ரெஸ்யூம் முதல் சுற்றிலேயே திரும்பி வரும். ரேடியாலஜி கோடரை ஐபிடிஆர்ஜி (ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுவோருக்கான கோடிங்) வேலைக்கு அனுப்பினாலும் அதே கதிதான். இரண்டும் 'கோடிங்' என்றாலும் வேலை வேறு. சார்ட் எண்ணிக்கையைக் கேட்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. உண்மையிலேயே அந்த வேலையைச் செய்பவர் எண்ணை யோசிக்காமல் சொல்வார்.

கட்டட உரிமையாளரோடு நேரடி வாடகை அக்ரிமென்ட் இல்லாத கோ-வொர்க்கிங் முகவரியில் ஜிஎஸ்டி கிடைக்குமா?

கிடைக்கும். சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். ஆனால் ஓரளவு பெரிய கம்பெனி எதுவும் ஜிஎஸ்டி எண் இல்லாமல் வெண்டர் கோட் போடாது, அதாவது உங்களைத் தன் கணக்கில் சேர்க்காது. ஆகவே முதல் மாதமே எடுத்துவிடுவது நல்லது. சீட் வாடகையில் கட்டும் 18%-ஐயும் அப்போதுதான் இன்புட் கிரெடிட்டாக எடுக்க, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியும்.

விண்ணப்பம் சிக்குவது முகவரி ஆவணத்தில்தான். கோ-வொர்க்கிங் நடத்துபவரும் கட்டட உரிமையாளரிடம் வாடகைக்கு எடுத்தவர்தான். எனவே சங்கிலி முழுதாக இருக்க வேண்டும்: உங்களுக்கும் அவருக்கும் உள்ள ஒப்பந்தம், அவர் தரும் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்), உள்வாடகைக்கு விட அவருக்கு உரிமையாளர் அனுமதி தந்திருக்கும் பக்கம், கட்டடத்தின் மின்கட்டண ரசீது அல்லது சொத்துவரி ரசீது. ஒப்பந்தத்தில் 'மூன்றாவது மாடி' என்று மட்டும் போடாமல் சீட் அல்லது கேபின் எண்ணையும் போடச் சொல்லுங்கள்.

சென்னைக்கே உரிய ஒரு தலைவலி, பழைய எண், புதிய எண். மின் ரசீதில் பழைய கதவு எண், ஒப்பந்தத்தில் புதிய எண் என்று இருந்தால் விளக்கம் கேட்டு ரெக்-03 நோட்டீஸ் வரும். ஏழு வேலை நாளுக்குள் ரெக்-04-இல் பதில் போட வேண்டும். விட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். இரண்டு எண்ணையும் 'பழைய எண் / புதிய எண்' என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இந்த வேலை மிச்சம்.

அடுத்து, அதிகாரி நேரில் வந்து பார்க்கலாம். வரும் அன்று ரிசப்ஷனில் இருப்பவர் "அப்படி ஒரு கம்பெனி இங்க இல்லையே சார்" என்று சொன்னால் முடிந்தது கதை. கீழ்த்தளப் பெயர்ப்பலகையில் உங்கள் பெயர் வேண்டும், ரிசப்ஷனில் உங்கள் போன் எண் வேண்டும். முகவரி மட்டும் தரும் 'விர்ச்சுவல் ஆபீஸ்' பிளானில் இங்கேதான் உதைக்கும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகங்கள் பிரதான தொழிலிடத்தில் இருக்க வேண்டும். உட்கார ஒரு நாற்காலிகூட இல்லாத இடத்தைப் பிரதான தொழிலிடம் என்று காட்டினால், வந்து பார்ப்பவர் கேட்பதற்கு உங்களிடம் பதில் இருக்காது. ஒரு சீட்டாவது நிரந்தரமாக எடுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப்) பதிவு: ஆதார், பான் போதும், கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் எதுவும் அரசு தளம் அல்ல. அடுத்து ஜிஎஸ்டி. தனிநபர் உரிமை நிறுவனத்துக்குக் கரன்ட் அக்கவுண்ட் திறக்க வங்கி தொழில் ஆவணம் இரண்டு கேட்கும், இந்த இரண்டும் அதற்கு ஆகும். ஜிஎஸ்டி கிடைத்த 30 நாளுக்குள், அல்லது முதல் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) தாக்கல் செய்வதற்குள், எது முந்துகிறதோ அதற்குள் வங்கிக் கணக்கு விவரத்தைத் தளத்தில் ஏற்ற வேண்டும். மறந்தால் பதிவு சஸ்பெண்ட் ஆகும். தொழில் வரி மாநகராட்சிக்கு, அரையாண்டுக்கு ஒரு முறை. தொகை சிறியது என்பதாலேயே எல்லோரும் மறக்கும் வரி இது.

எந்தப் பகுதியில் எடுப்பது? பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஐடிக்கு ஆள் எடுப்பவர் பெருங்குடியிலோ தரமணியிலோ இருப்பது வசதி. தொழிற்சாலைக் கிளையன்ட் என்றால் போரூர், அம்பத்தூர் பக்கம். இரண்டுக்கும் நடுவில் கிண்டி: மெட்ரோவும் உண்டு, புறநகர் ரயிலும் உண்டு. ஆனால் பகுதியைவிட முக்கியமானது ஆபீஸின் நேரம்.

கேண்டிடேட் வேறொரு கம்பெனியில் வேலையில் இருப்பவர். அவர் நிம்மதியாகப் பேசுவது காலை 8 முதல் 9.30, மதியச் சாப்பாட்டு நேரம், மாலை 6.30-க்கு மேல், பிறகு சனிக்கிழமை. பல கோ-வொர்க்கிங் இடங்களில் ஏழு மணிக்கு ஏசி நின்றுவிடும், சனிக்கிழமை அரை நாள்தான். உங்கள் வேலை சூடுபிடிக்கும் நேரத்தில் அங்கே விளக்கை அணைத்துக்கொண்டு வருவார்கள். ஏழு மணிக்கு மேல் ஏசிக்குத் தனிக் கட்டணமா, சனிக்கிழமை முழு நாள் உண்டா, எட்டு மணிக்குக் கதவு திறக்குமா: இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

போன் பூத் எத்தனை என்று விளம்பரத்தில் பார்த்து நம்பாதீர்கள். காலை 11 மணிக்கு ஒரு தடவை, மாலை 7 மணிக்கு ஒரு தடவை போய் நின்று பாருங்கள். எண்பது சீட்டுக்கு இரண்டு பூத் என்றால் அது உங்களுக்குப் பூத்தே இல்லாத இடம். மீட்டிங் ரூம் இலவச மணி நேரம் மாதக் கடைசியில் காலாவதியாகுமா என்றும் கேளுங்கள்.

பலர் யோசிக்காத ஒன்று: லிஃப்ட் பக்கத்தில் இருக்கும் கம்பெனிப் பெயர்ப் பலகையைப் படியுங்கள். உங்கள் பட்டியலில் உள்ள கம்பெனி அதே கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருந்தால், அங்கே வேலை செய்பவர் எவரும் உங்களைப் பார்க்க வர மாட்டார். தெரியாமல் வந்து லிஃப்ட்டில் தன் டீம் லீடரைப் பார்த்துவிட்டால், அவரோடு சேர்த்து அவர் சொல்லி வரக்கூடிய பத்துப் பேரையும் இழப்பீர்கள்.

ஒப்பந்தத்தில் லாக்-இன் காலம் (அதற்குள் காலி செய்ய முடியாது), விலகும் நோட்டீஸ், டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், 'பெயின்டிங் சார்ஜ்' என்று எதைப் பிடிப்பார்கள், ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும் என்பதைப் பாருங்கள். முதல் வருமானமே ஆறாவது மாதம் என்னும் தொழிலில் 24 மாத லாக்-இன் போடுவது சரியல்ல. சீட் விலை கொஞ்சம் கூடினாலும் 6 அல்லது 11 மாதமே போதும்.

ஓப்பன் டெஸ்க்கில் உட்கார்ந்து கேண்டிடேட்டிடம் பேசலாமா?

தேடலாம், மெயில் போடலாம், கிளையன்ட்டிடம் தேதி கேட்கலாம். சம்பளம், இப்போதைய கம்பெனி, ராஜினாமா, இந்த மூன்றும் பூத்துக்குள் மட்டும். பின் சீட்டில் இருப்பவருக்குக் கேண்டிடேட்டின் பெயரும் கம்பெனியும் ஒரே வாக்கியத்தில் காதில் விழுந்தால் போதும், சென்னை சின்ன ஊர். பொது பிரிண்டரில் ஆஃபர் லெட்டர் அடிக்காதீர்கள். அடித்தால் பக்கத்தில் நின்று எடுங்கள்.

எத்தனை சதவீதம் கேட்பது?

ஆண்டு சிடிசியில் (கம்பெனி ஒரு ஆளுக்குச் செய்யும் மொத்தச் செலவு) 8.33% என்றால் ஒரு மாதச் சம்பளம். பொது வேலைகளுக்கு இதுதான் அடிவிலை. ஸ்பெஷலிஸ்ட் வேலைகளுக்கு 12.5%, அதாவது ஒன்றரை மாதம். சிலவற்றுக்கு 16.66%, இரண்டு மாதம். புதிதாக வருபவர்கள் உள்ளே நுழைவதற்காக 6%-க்கு ஒப்புக்கொள்கிறார்கள். அந்த விலையில் ஒருவர் ரீப்ளேஸ்மென்ட் கேட்டாலே நஷ்டம்தான். விலையைப் பிறகு ஏற்றவும் முடியாது. சதவீதத்தைவிட அது எதன் மேல் என்பது பெரிது. சிடிசி 12 லட்சம், அதில் வேரியபிள் (வேலையைப் பொறுத்துக் கூடிக் குறையும் பகுதி) 2 லட்சம் என்று வையுங்கள். 'ஃபிக்ஸ்டு' மேல் மட்டும் 12.5% என்றால் 1,25,000. மொத்தத்தின் மேல் என்றால் 1,50,000. ஒரு சொல்லுக்கு 25,000.

அக்ரிமென்ட்டில் வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ரீப்ளேஸ்மென்ட். 90 நாளுக்குள் ஆள் போய்விட்டால் வேறு ஆள் தர வேண்டும் என்பது வழக்கம். அதற்கு எல்லை போடுங்கள்: ஒரு தடவை மட்டும், இன்வாய்ஸ் தவணைக்குள் கட்டியிருந்தால் மட்டும், கம்பெனியே ஆளைக் குறைத்தாலோ, சொன்ன வேலையையோ இடத்தையோ மாற்றினாலோ பொருந்தாது, ஆள் விலகிய பத்து நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 'பணம் திருப்பித் தர வேண்டும்' என்று இருந்தால் அதை 'வேறு ஆள் தர வேண்டும்' என்று மாற்றக் கேளுங்கள். பணம் திருப்பினால் கிரெடிட் நோட் (பழைய இன்வாய்ஸைக் குறைத்துக் காட்டும் ஆவணம்) போட வேண்டும், அதற்கும் அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 வரைதான் அவகாசம்.

"90 நாள் முடிஞ்சப்புறம் பேமென்ட்" என்று சிலர் கேட்பார்கள். மேலே போட்ட தேதிக் கணக்கில் இன்னும் மூன்று மாதம் சேர்த்துப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ரெஸ்யூம் உரிமை. நீங்கள் அனுப்பிய ஆளை ஆறு மாதத்துக்குள், அல்லது பேசி வாங்க முடிந்தால் பன்னிரண்டு மாதத்துக்குள், எந்த வேலைக்கு எடுத்தாலும், குழுமத்தின் வேறு கம்பெனியில் எடுத்தாலும் கட்டணம் உண்டு என்று இருக்க வேண்டும். "இவர் ஏற்கனவே எங்க டேட்டாபேஸ்ல இருக்கார்" என்று சொல்வதானால் மூன்று வேலை நாளுக்குள், தேதி ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். இந்த வரி இல்லாவிட்டால் ஆள் செலக்ட் ஆன பிறகுதான் அவர்களுக்கு டேட்டாபேஸ் ஞாபகம் வரும்.

பர்ச்சேஸ் ஆர்டர். பெரிய கம்பெனியில் பிஓ எண் இல்லாத இன்வாய்ஸை அக்கவுண்ட்ஸ் திருப்பி அனுப்பிவிடும். ஜாயினிங் அன்று கேட்டால் மூன்று வாரம் இழுக்கும். ஆஃபர் கொடுத்த அன்றே ஹெச்ஆரிடம் கேளுங்கள்.

1,50,000 கட்டணத்துக்குக் கையில் எவ்வளவு நிற்கும்?

கட்டணம் 1,50,000. ஜிஎஸ்டி 18%: 27,000. இன்வாய்ஸ் 1,77,000. கிளையன்ட் பொதுவாகத் தொழில்முறைக் கட்டணம் என்று 10% டிடிஎஸ் பிடிப்பார். அது ஜிஎஸ்டி சேராத தொகை மேல்தான், 15,000. வங்கிக்கு வருவது 1,62,000. அதில் 27,000 உங்களுடையது அல்ல. ஆக 1,35,000, டிடிஎஸ் 15,000 வருமானவரிக் கணக்கில் நிற்கும். டிடிஎஸ்ஸை 1,77,000 மேல் பிடித்தால் உடனே மெயில் போடுங்கள். இன்வாய்ஸில் ஜிஎஸ்டியைத் தனி வரியாகக் காட்டாமல் விட்டால்தான் பெரும்பாலும் இந்தத் தவறு நடக்கும். நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்துத் தருவதற்கான எஸ்ஏசி எண் (இன்வாய்ஸில் போடும் ஜிஎஸ்டி சேவைக் குறியீடு) 998512.

கிளையன்ட் பணம் தராவிட்டாலும் ஜிஎஸ்டியை நீங்கள் கட்டியாக வேண்டும். இன்வாய்ஸ் தேதியை வைத்து வரி விழும். தாமதத்துக்கு ஆண்டுக்கு 18% வட்டி. சேவை முடிந்த 30 நாளுக்குள் இன்வாய்ஸ் போட்டால் போதும் என்பதால், ஜாயினிங் செப்டம்பர் 25 என்றால் அக்டோபர் 1 தேதியிடலாம். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு வரி அக்டோபர் 20-இலிருந்து நவம்பர் 20-க்குப் போகும். உங்கள் 45 நாள் கிரெடிட் தொடங்குவது ஆறு நாள்தான் தள்ளும். செப்டம்பர் 4-இல் சேர்ந்தவருக்கு இதைச் செய்தால் கிரெடிட் நான்கு வாரம் தள்ளிவிடும், லாபமில்லை.

சிறுசேரியில் உள்ள கிளையன்ட் "ஜிஎஸ்டி போடாதீங்க, நாங்க செஸ்" என்கிறார். சரியா?

சரியாக இருக்கலாம். செஸ், அதாவது சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உள்ள யூனிட்டுக்குச் செய்யும் சேவை ஜீரோ-ரேட்டட் (வரி விகிதம் பூஜ்ஜியம்). ஆனால் அதற்கு நீங்கள் முன்கூட்டியே ஜிஎஸ்டி தளத்தில் ஆர்எஃப்டி-11 படிவம் வழியாக எல்யுடி (வரி கட்டாமல் சேவை தருவதற்கான உறுதிக் கடிதம்) போட்டிருக்க வேண்டும். அது அந்த நிதியாண்டுக்கு மட்டும்தான். ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாகப் போட வேண்டும். எல்யுடி இல்லாவிட்டால் ஐஜிஎஸ்டி கட்டிவிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இங்கே பலர் சறுக்குவது இன்னொன்றில். கிளையன்ட்டும் நீங்களும் ஒரே ஊர் என்றாலும் செஸ் யூனிட்டுக்குச் செய்வது வெளிமாநிலச் சேவையாகவே கணக்கு. சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டால் தவறு. ஒரே கம்பெனிக்குச் செஸ்ஸுக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு ஜிஎஸ்டி எண் இருக்கும். ஆள் எந்த யூனிட்டில் சேர்ந்தார் என்று கேட்டு, அந்த எண்ணுக்குத்தான் இன்வாய்ஸ்.

இன்வாய்ஸ் போட்டு மூன்று மாதம் ஆகிறது, பணம் வரவில்லை. என்ன செய்யலாம்?

உத்யம் எண்ணை இன்வாய்ஸில் அச்சிட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாந்தரக் கூட்டு வட்டி.

வட்டிக்கு மிரட்டுவதைவிட வேலை செய்வது வேறு இரண்டு. குறு, சிறு நிறுவனத்துக்கு அந்தக் கெடுவுக்குள் கட்டாத தொகையை, கட்டிய ஆண்டில்தான் கிளையன்ட் வருமானவரியில் செலவாகக் காட்ட முடியும். மார்ச்சில் அவர்கள் ஃபைனான்ஸ் ஆட்களுக்கு இது நன்றாகக் காதில் விழும். 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால் அவர்கள் எடுத்த இன்புட் கிரெடிட்டையும் திருப்ப வேண்டும். இரண்டையும் நாலு வரியில் பணிவாக எழுதி, ஹெச்ஆருக்கு அல்ல, அக்கவுண்ட்ஸ் பேயபிளுக்கு (பில்லுக்குப் பணம் தரும் பிரிவு) அனுப்புங்கள். ஹெச்ஆரிடம் காசு கேட்டுப் பயனில்லை, அவர் அடுத்த ஜேடிதான் தருவார். அதற்கும் அசையாவிட்டால் ஆன்லைனில் எம்எஸ்எம்இ ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் (இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு) மனு. அங்கே போனால் அந்த கிளையன்ட்டோடு உறவு முடிந்தது என்று வைத்துக்கொண்டே போங்கள்.

ஆஃபர் வாங்கிவிட்டுச் சேராமல் போகிறார்கள். எப்படித் தடுப்பது?

முழுதாகத் தடுக்க முடியாது. மூன்று ஆஃபரில் இரண்டு ஜாயினிங் என்றே பட்ஜெட் போடுங்கள். ஆனால் எது டிராப் ஆகும் என்பதை முன்கூட்டியே பார்க்க முடியும், ஏனென்றால் காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான்.

கவுண்டர் ஆஃபர். முதல் காலிலேயே கேளுங்கள்: "பேப்பர் போட்டதும் உங்க மேனேஜர் இதே சம்பளம் தர்றேன்னா இருந்துடுவீங்களா?" பதிலைவிட, பதிலுக்கு முன்னால் வரும் மௌனத்தைக் கவனியுங்கள். சம்பளம் ஒன்றுதான் மாறுவதற்குக் காரணம் என்றால் அவர் போக மாட்டார். ஷிஃப்ட், மேனேஜர், ஆன்சைட் என்று வேறு காரணம் ஒன்றாவது வேண்டும்.

தூரம். ஆவடியில் வீடு, சிறுசேரியில் வேலை. இன்டர்வியூ வீடியோவில் நடந்ததால் தூரம் உறைக்கவில்லை. ஜாயினிங்குக்கு ஒரு வாரம் முன்னால் ஒருநாள் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து போன் எடுக்க மாட்டார். தொழிற்சாலை வேலை என்றால் கம்பெனி பஸ் எந்த ஸ்டாப் வரை வரும், நைட் ஷிஃப்ட்டுக்கு உண்டா என்று ஜேடி வாங்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கைக்கு வரும் தொகை. பழைய கம்பெனி சிடிசியில் கிராச்சுட்டி சேரவில்லை, புதியதில் சேர்ந்திருக்கிறது. கம்பெனி பங்கு பிஎஃபும் உள்ளே. சிடிசி 20% ஏறியும் கையில் ஆயிரம் ரூபாய்தான் கூடும். இதை ஆஃபருக்கு முன்னால் பேஸ்லிப்பை வைத்து நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுங்கள். அவர் மனைவியோ அப்பாவோ கணக்குப் போட்டுச் சொன்னால் உங்கள் மேல்தான் கோபம் வரும்.

ஆடி. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஜாயினிங் தேதி போட்டால் "வீட்ல ஆடி முடியட்டும்னு சொல்றாங்க சார்" என்று வரும். சிரிக்காதீர்கள், வாக்குவாதமும் வேண்டாம். ஆடிக்கு முன்னால் அல்லது ஆவணி முதல் வாரம் என்று கிளையன்ட்டிடம் ஆரம்பத்திலேயே பேசி வைத்துவிடுங்கள். அதே மாதிரி மார்ச்சில் ஆஃபர் வாங்குபவர் ஏப்ரல் வேரியபிள் பணத்துக்குக் காத்திருப்பார். தொழிற்சாலையில் இருப்பவர் தீபாவளி போனஸுக்கு.

ஃபாலோ-அப் நாட்களைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். ராஜினாமா போட்ட அன்று, கம்பெனி அதை ஏற்றுக்கொண்ட தேதியைக் கேளுங்கள். 15-ஆம் நாள், மேனேஜர் பேசினாரா என்று. 45-ஆம் நாள், வேறு ஆஃபர் வந்திருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள், பலர் சொல்லிவிடுவார்கள். கடைசிப் பத்து நாளில் மூன்று தடவை. கடைசி வேலை நாளை எழுத்தில் தராமல் இழுப்பவர், 60-ஆம் நாள் வந்து "டெசிக்னேஷன் மாத்தித் தருவாங்களா" என்று கேட்பவர், வாட்ஸ்அப்பில் மட்டும் பதில் போடுபவர், இந்த மூவருக்கும் இரண்டாம் ஆளைத் தயாராக வைத்திருங்கள். இரண்டாமிடம் வந்தவரை 'ரிஜெக்ட்' என்று சொல்லி மூடிவிடாதீர்கள். "இன்னும் முடிவாகல, பதினஞ்சு நாள்ல கூப்பிடறேன்" என்று சொல்லி, சொன்னபடி கூப்பிடுங்கள்.

போலி அனுபவத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பிஎஃப் யுஏஎன் எண்ணில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்பது பதிவாகியிருக்கும். கேண்டிடேட்டையே உள்நுழைந்து வீடியோ காலில் ஸ்கிரீன் காட்டச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்கக் கூடாது. ரெஸ்யூமில் மூன்று வருடம், பிஎஃபில் எட்டு மாதம் என்றால் விடை கிடைத்துவிட்டது. ஒரே காலத்தில் இரண்டு கம்பெனி தெரிந்தாலும் கிளையன்ட்டின் வெரிஃபிகேஷனில் அது மாட்டும். பிஎஃப் பிடிக்காத சிறு கம்பெனி என்றால் சம்பளம் வரவு வந்த வங்கி ஸ்டேட்மென்ட், 26ஏஎஸ் (யார் டிடிஎஸ் பிடித்தார்கள் என்று காட்டும் வருமானவரிப் பதிவு). எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு அழைத்து விசாரிக்காதீர்கள். போலி லெட்டர் அடிப்பவர்கள் அந்த எண்ணில் ஒரு ஆளையும் உட்கார வைத்திருப்பார்கள்.

கேண்டிடேட்டிடம் சிறு தொகை பதிவுக் கட்டணமாக வாங்கலாமா?

வேண்டாம். ஐநூறு ரூபாய்கூட வேண்டாம். 'கன்சல்டன்சி' என்ற சொல்லே இந்த ஊரில் கெட்டுப்போனது அதனால்தான்.

துபாய், சிங்கப்பூருக்கு ஆள் கேட்கிறார்கள். அனுப்பலாமா?

1983-ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு இந்தியர்களை எடுத்துக் கொடுக்க புரொடெக்டர் ஜெனரல் ஆஃப் எமிகிரன்ட்ஸிடம் பதிவுச் சான்றிதழ் வேண்டும். அதற்கு வங்கி உத்தரவாதம் முதலிய பெரிய ஏற்பாடுகள் உண்டு. அது இல்லாமல் ஒரு ஆளை அனுப்பினாலும் குற்றம். "ஒரே ஒருத்தர்தான் சார்" என்று வரும் கோரிக்கையை நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்.

கான்ட்ராக்ட் ஸ்டாஃபிங் சேர்த்துச் செய்தால் மாதாமாதம் பணம் வருமே?

வரும். ஆனால் சம்பளத்தை நீங்கள் முதலில் போட்டுவிட்டு 45 நாள் காத்திருக்க வேண்டும். பத்துப் பேருக்கு 40,000 வீதம் மாதம் 4 லட்சம், இரண்டு மாதச் சுழற்சிக்கு 8 லட்சம். மேலே பிஎஃப், சம்பள வரம்புக்குள் வருபவர்களுக்கு இஎஸ்ஐ, கான்ட்ராக்ட் தொழிலாளர் விதிகள். அது வேறு தொழில். அதற்குரிய முதலோடு தனியாகத் தொடங்க வேண்டியது.

ரெஸ்யூம்களை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. எதற்காக வாங்கினீர்களோ அதற்கு மட்டும், சம்மதத்தோடு என்பதுதான் அதன் அடிப்படை. நடைமுறையில்: ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் அனுப்புமுன், கம்பெனிப் பெயர், வேலை, சம்பள வரம்பு மூன்றையும் சொல்லி "அனுப்பலாம்" என்று ஒரு வரி பதில் வாங்குங்கள். இரண்டு கன்சல்டன்சி ஒரே ரெஸ்யூமை அனுப்பிச் சண்டை வந்தால் காப்பாற்றுவதும் அந்த ஒரு வரிதான். ஆதார், பான் நகல் உங்களுக்குத் தேவையில்லை, வாங்காதீர்கள். கோ-வொர்க்கிங்கில் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். வேலையை விட்டுப்போகும் ஜூனியரின் சொந்த வாட்ஸ்அப்பில் உங்கள் கேண்டிடேட் பட்டியல் முழுதும் போய்விடும் என்பதால், கம்பெனி எண்ணில் மட்டுமே பேசச் சொல்லுங்கள்.

எங்கள் எண் ட்ரூகாலரில் ஸ்பேம் என்று காட்டுகிறதே?

ஒரே எண்ணிலிருந்து நாளுக்கு எண்பது கால் போட்டால் அப்படித்தான் ஆகும். அழைக்குமுன் யார், எந்த வேலை, எப்போது பேசலாம் என்று இரண்டு வரி அனுப்புங்கள். ஸ்பெஷலிஸ்டுக்கு நாளுக்கு இருபது கால் போதும்.

மழைக்காலத்தில்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பெருங்குடி, பள்ளிக்கரணை பக்கம் நாள்கணக்கில் தண்ணீரும் மின்தடையும் இருந்தது. கீழ்த்தள கேபின் எடுக்காதீர்கள். ஜெனரேட்டர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கண்ணால் பாருங்கள். பேஸ்மென்ட்டில் என்றால் தேவைப்படும் அன்று அது ஓடாது. டிசம்பர் முதல் வாரத்தில் ஜாயினிங் தேதி போடும்போது கிளையன்ட்டிடம் மாற்றுத் தேதி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது தனி ஆபீஸுக்குப் போகலாம்? முகவரி மாறினால் என்னென்ன மாற்ற வேண்டும்?

ஆறு பேர் வரை கோ-வொர்க்கிங்தான் மலிவு. ஏழாவது ஆள் வரும்போது கேபின் வாடகையையும், தனி இடத்தின் வாடகை, கரண்ட், துப்புரவு, இன்டர்நெட் எல்லாவற்றையும் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

முகவரி மாறினால் 15 நாளுக்குள் ஜிஎஸ்டியில் திருத்தம்; அதற்கு முன் புதிய இடத்தின் ஆவணச் சங்கிலி தயாராக இருக்க வேண்டும். பிறகு உத்யம், வங்கி, தொழில் வரி. பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனிப் பதிவாளரிடமும். கடைசியாக, ஒவ்வொரு கிளையன்ட்டின் வெண்டர் மாஸ்டர். இதை விட்டால் இன்வாய்ஸில் புதிய முகவரி, அவர்கள் கணினியில் பழைய முகவரி என்று பில் நிறுத்தி வைக்கப்படும். பழைய கோ-வொர்க்கிங்கில் இரண்டு மாதத்துக்குத் தபால் வாங்கி வைக்கச் சொல்லி, டெபாசிட் திரும்பி வரும் வரை அவர்கள் மேனேஜரோடு நல்ல முகமாகவே இருங்கள்.